உப்புத் தண்ணீருக்கு ஒரு கருவி

மாதாவின் வெள்ளிக் கிரீடத்தைக் கடலில் தள்ளிவிட்ட ஆள் நான்தான். ஒரு குப்பமே பார்த்துக்கொண்டிருந்ததால் இதை மறைப்பதற்கில்லை. எப்படித் தள்ளினேன் என்பதுதான் மறைக்க வேண்டிய பகுதி. கடல் பயணங்களைப் பற்றி ஒரு அலமாரி நிறையப் புத்தகம் படித்திருந்த நான், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்த படகில் வாந்தி எடுத்தேன். எடுக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்று கையை வீசினேன். கைக்கு அகப்பட்டது மாதா.

சுரூபம் என்கிற மாதா சிலையை நாலு பேர் பிடித்திருந்தார்கள், அதனால் சுரூபம் தப்பியது. கிரீடத்தை யாரும் பிடித்திருக்கவில்லை. வெயிலில் ஒருமுறை மின்னிவிட்டு, ஒரு சின்ன 'ப்ளக்' சத்தத்தோடு அது போய்விட்டது.

அது எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் குமாஸ்தா. குடியிருந்தது ராயபுரத்தில். பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவர் பிறந்தது எண்ணூர் போகும் வழியில் இருந்த ஒரு மீனவர் குப்பத்தில். அங்கே ஒரு சின்ன மாதா கோயில் உண்டு. அந்தக் கோயிலில் ஒரு வழக்கம்: மாதாவின் கிரீடம் கோயிலில் இருக்காது. வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்று சீட்டுக் குலுக்கி, அந்தக் குடும்பத்தின் வீட்டில்தான் இருக்கும். தை கழிந்து கடல் அடங்கியதும் படகுகளை மந்திரிக்கிற, அதாவது சாமியார் ஆசீர்வதிக்கிற, நாள் வரும். அன்று மாதாவைப் படகில் ஏற்றி, கிரீடம் சூட்டி, கடலுக்குக் கொண்டுபோவார்கள். ஈஸ்டர் கழிந்து வருகிற திருவிழாவில் கிரீடம் அடுத்த குடும்பத்துக்குக் கை மாறும்.

அந்த வருஷம் சீட்டு என் பக்கத்து வீட்டுக்காரருக்கு விழுந்திருந்தது. அவர் அப்பா கடலுக்குப் போனவர். இவர் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் ராயபுரம் வந்துவிட்டார். அதிலிருந்து குப்பத்தில் இவருக்குப் பெயர் 'ஹார்பர்காரன்'. சொந்தச் சித்தப்பாவே அப்படித்தான் கூப்பிடுவார். சீட்டில் தன் பெயர் வந்ததும் மனுஷன் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னதை நான் மறக்கவில்லை. கிரீடம் வீட்டிலிருந்த மாதங்களில் அவர் வாசலில் நின்று பீடி குடிப்பதைக்கூட நிறுத்தியிருந்தார். அப்படிப்பட்டவர், மரியாதைக்காக என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார்.

அதுவரை அவர் என்னை 'ஸார்' என்பார். அந்தப் பட்டம் கிரீடத்தோடு கூடவே தண்ணீரில் விழுந்தது.

"நைனா, ஒனக்கு வாந்தி வந்தா நீ போ. மாதாவ ஏன் இஸ்துகினு போற?" என்று கத்திக்கொண்டே அவர் வேட்டியோடு குதித்தார். பின்னால் இன்னும் பத்துப் பேர் குதித்தார்கள். அத்தனை பேர் காலும் பட்டு அடியில் இருந்த மணல் மேலே கிளம்பிவிட்டது. சாம்பார் மாதிரி ஆகிவிட்ட தண்ணீரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் பங்குச்சாமியார், "வெள்ளிதானே, புதுசா செஞ்சுக்கலாம். யாருக்கும் அடிபடலையே, அது போதும்" என்றார். அவர் நல்லவர். ஆனால் கரையில் இன்னொருவரும் நின்றிருந்தார். அடுத்த வருஷத்துக்குக் கிரீடம் வாங்கிக்கொள்ள வேண்டிய குடும்பத்தின் தலைவி. கரையில் மீன் ஏலம் விடுகிற அம்மாள். ஏலம் விட்டுப் பழகிய குரல் என்பதால் அவர் மெதுவாகச் சொன்னது காத்திவாக்கம் வரை கேட்டிருக்கும்.

"கடல உட்டு ஓடுனவங்கையில குடுத்தா, கடலு எடுத்துக்காம இன்னா செய்யும்?"

என் மேல் விழ வேண்டிய பழி இது. நேராகப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் போய் விழுந்தது. சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு சொன்னார்: "புச்சு செஞ்சி குட்த்துரலாம் நைனா. காசு ஒரு மேட்டர் இல்ல. ஆனா புச்ச எடுத்துகினு போயி நீட்னேன்னு வெய்யி, சாவுற வரிக்கும் நான் ஹார்பர்காரன்தான்."

திருவிழாவுக்குள் அந்தப் பழைய கிரீடத்தையே எடுத்துக் கொடுத்துவிடுவது என்று நான் அப்போதே முடிவு செய்தேன். முடிவை என் மனைவியிடம் அறிவித்தேன். அவள் உள்ளே போய், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

இடம் எங்களுக்குத் தெரியும். கடற்கரைக்காரர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கி அதன் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் மறைய வேண்டும், தெற்கே திருவொற்றியூர்க் கோயில் கோபுரம் ஐஸ் பாக்டரிக் கூரையின் மூலையில் உட்கார வேண்டும். இரண்டும் சேர்கிற இடம்தான் ஒவ்வொரு வருஷமும் மாதாவின் படகு நிற்கிற இடம். ஆழம் ஒன்றரை ஆள். ஆனால் கடல் அடி நாளுக்கு நாள் நகரும். கிரீடம் அதற்குள் மணலுக்கு அடியில் போயிருக்கும். கண்ணால் தேடிப் பயனில்லை.

பாதாளக் கரண்டி முதல் ஞாயிறு ஒரு கிழிந்த வலையையும் பாதிக் கைலியையும் கொண்டுவந்தது. துறைமுகத்தில் பக்கத்து வீட்டுக்காரருடைய தோஸ்துகள் ஒரு பெரிய காந்தத்தை இரவல் கொடுத்தார்கள். காந்தம் வெள்ளியைத் தொடாது என்று நான் பௌதிக விளக்கம் கொடுத்தேன். 'மாதா கிரீடம் சாதா வெள்ளியா?' என்று கேட்டார்கள். அதற்குப் பௌதிகத்தில் பதில் இல்லை, அதனால் காந்தத்தையும் இறக்கினோம். மேலே வந்தபோது அதற்குக் கன்னங்கரேலென்று தாடி முளைத்திருந்தது. எங்கள் கரையில் கருமணல் அதிகம்.

உலோகத்தை வாசனை பிடிக்கிற கருவி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைத் தேடி மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய ராணுவச் சாமான் விற்கிற கடையில், ஒரு மூலையில், பூட்ஸ்களுக்குக் கீழே அது இருந்தது. நீளக் கழி, நுனியில் ஒரு தட்டு, முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி, காதுக்கு இரண்டு கிண்ணம்.

"மைன் டிடக்டர் ஸார்," என்றார் கடைக்காரர். "யுத்தத்துல பர்மா வரிக்கும் போய்ட்டு வந்துகீது."

"கடல்ல வேலை செய்யுமா?"

"கப்பல்லதான் ஸார் வந்துச்சி."

இந்தப் பதிலால் திருப்தியடைந்த நான், என் கைக்கடிகாரத்தை அவரிடம் ஈடாக வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பரீட்சை பார்க்க அதை எடுத்துவந்தேன். திருவொற்றியூர்க் கரையில் அதை முதுகில் மாட்டி, காதில் கிண்ணங்களைக் கவிழ்த்து, ரொம்ப நிதானமாக நடந்தேன். காய்ந்த மணலில் அற்புதமாக வேலை செய்தது. ஒரு தகர மூடியை அரை முழம் ஆழத்திலிருந்து கண்டுபிடித்தேன். என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "கஸ்டம்ஸ்காரன் வந்துகீறான்டா!" என்று யாரோ கத்த, அதுவரை அமைதியாகப் படகு நிழலில் படுத்திருந்த இரண்டு பேர் எழுந்து ஓட்டமாக ஓடினார்கள். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பொருள்தான்.

ஈர மணலில் கால் வைத்தேன். கருவி ஊளையிட்டது. இடது பக்கம் போனாலும் ஊளை, வலது பக்கம் போனாலும் ஊளை. தட்டைத் தூக்கினால் அடங்கும், இறக்கினால் அழும். கரை நெடுகக் கிரீடம் புதைந்திருந்தால் எப்படியோ அப்படி. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும், அதனால் இந்தக் கருவிக்குக் கடல் என்பது எண்ணூரிலிருந்து அந்தமான் வரை விரித்த ஒரே தகடு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தவிர, தட்டுக்கு மழை ஆகும், முங்கல் ஆகாது. உள்ளே தண்ணீர் போனால் வால்வுகளின் கதை முடிந்தது.

மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "கடல்லயும் கண்ணிவெடி வெப்பான் ஸார். ஆனா அது நேவி. இது ஆர்மி. டிபார்ட்மெண்டே வேற."

ஆனால் அந்த ஊளை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. எந்தக் கருவி நல்ல கருவி என்று கேட்டது தப்பு. எங்களுக்கு வேண்டியது உப்பைப் பார்த்துக் கத்தாத கருவி, தண்ணீருக்கு அடியில் போகிற கருவி, வெள்ளியை அடையாளம் காண்கிற கருவி. நூலகத்தில் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரங்கள் இருந்தன. அரை டிராயர் போட்ட ஒரு ஆள் கடற்கரையில் கருவியோடு சிரித்துக்கொண்டிருந்தான். இறக்குமதி லைசென்ஸ் வாங்கி அதை வரவழைப்பதற்குள் கிரீடம் தானாகவே நடந்து கரையேறிவிடும். விளம்பரத்துக்கு நாலு பக்கம் தள்ளி, அதை வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு படம் போட்டிருந்தார்கள். ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ, ஒரு கம்பிச் சுருள், ஒரு சின்ன சர்க்யூட். சுருளும் ரேடியோவும் ஒன்றோடொன்று உரசி ஒரு விசில் கேட்கும், பக்கத்தில் உலோகம் வந்தால் விசிலின் ஸ்வரம் மாறும். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். மூளையை மேலே காய்ந்த இடத்தில் வைத்துக்கொண்டு, சுருளை மட்டும் நீளமான ஒயரில் தண்ணீருக்குள் அனுப்பலாம்.

படத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு என்னைவிட வயது குறைவு, நம்பிக்கை அதிகம்.

"வெளிய ஒரு காயில் உட்டு ரேடியோவ விசிலடிக்க வெக்கணும். அவ்ளோதான? இதுக்கு இன்னாத்துக்கு ஸார் இங்கிலீஷ் புக்கு?"

பத்திரிகையில் மரவளையம் என்றிருந்தது. அவர் கைக்குக் கிடைத்த சைக்கிள் ரிம்மில் சுற்றினார். நல்ல உருண்டை என்பது அவர் வாதம். கருவி உயிர் பெற்றதும் அது முதலில் கண்டுபிடித்தது தன்னுடைய ரிம்மைத்தான். வேறெதைக் காட்டினாலும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தன்னை அறிவது பெரிய காரியம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், ஆனால் எங்களுக்குத் தேவை கிரீடம். ரிம்மை எடுத்துவிட்டு, மாவுச் சல்லடையின் மரவளையத்தில் சுற்றினோம். அதற்கு மேல் சைக்கிள் டியூபைக் கீறி உறைபோல் மாட்டி, சந்துகளில் படகுக்குப் பூசுகிற தாரைப் பூசினோம்.

அவருடைய கடைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் தண்ணீர் நிரப்பி, கல்லுப்பைக் கொட்டிக் கலக்கினேன். வாயில் வைத்துப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம்' என்றேன். கடல் சுவை எனக்கு அண்மைக் காலத்தில் நன்றாகப் பழகியிருந்தது. தொட்டிக்குள் என் மனைவியின் வெள்ளிக் குங்குமச்சிமிழைப் போட்டேன். அவளுக்குத் தெரியாது.

வளையம் தண்ணீரைத் தொட்டதும் விசில் தாறுமாறாக ஓடியது. தண்ணீர் அலைந்தால் அதுவும் அலைந்தது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "ஒத்துக்கமாட்டேன்னுது ஸார். ஆறு, கொளம்னா பாத்துக்கலாம். இது கடலு. பேஜாரு."

"ஈயத்தாள் சுத்தணும்," என்றேன். பத்திரிகையின் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில், அது இருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்குமே, அந்த ஈயத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் உடைந்து கிடந்த பெட்டிகளிலிருந்து அதை உரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"கிரீடத்த தேடப் போறோமா ஸார், டீத்தூள தேடப் போறோமா?" என்றார் மெக்கானிக். ஆனாலும் சுற்றினார். வளையம் முழுக்கச் சுற்றிய உடனே விசில் அடியோடு செத்துப்போனது. 'பார்த்தியா' என்பது போல் என்னைப் பார்த்தார். பத்திரிகையில் இருந்த ஒரு வாக்கியம் எனக்கு நினைவு வந்தது. இரண்டு முனையும் சேரக் கூடாது, ஒரு விரல் இடைவெளி வேண்டும். தாளை ஒரு விரற்கடை கிழித்தேன். விசில் திரும்ப வந்தது. வளையத்தைத் தொட்டியில் முக்கினோம். லேசாக நகர்ந்து, நின்றது. குமிழைத் திருகிச் சரிசெய்துகொண்டு மெல்லத் தள்ளினால், சிமிழுக்கு மேலே வந்ததும் 'கூ' என்றிருந்தது 'கீ' என்று மாறியது. மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புத்தகத்தில் படித்தது நிஜத்திலும் நடந்த சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் குறைவு. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால்.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலம் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கறியை விட்டிருந்தார், சாராயத்தை விட்டிருந்தார். வேலையில்லாத நேரமெல்லாம் கட்டுமரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போய், புகைபோக்கியும் தொட்டியும் ஒன்றானதும் நங்கூரக் கல்லை இறக்குவார். அவர் வளையத்தோடு முங்குவார். நான் மேலே பாலிதீன் பைக்குள் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, காதில் இயர்போனைச் செருகி, வாயில் எலுமிச்சம்பழத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் மணிக்கட்டிலிருந்து ஒரு கயிறு என் கைக்கு வரும். ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் பின்னால் போ. விசில் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ரேடியோ நிலையத்தைப் பிடித்தாக வேண்டும். எங்களுக்குத் தோதான நேரத்தில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சிதான் வரும். பருத்திக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். வாந்தியும் வந்தது. அதை எலுமிச்சம்பழத்துக்கும் பருத்திக்கும் நடுவில் எடுத்துவிட்டு, விசிலுக்குத் திரும்பிவிடுவேன்.

முதல் நாளே விசில் ஏறியது. கயிற்றைச் சுண்டி இழுத்தேன். அவர் மணலைத் துழாவி மேலே வந்து கையை விரித்தார். அலுமினியப் பத்துப் பைசா. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி தண்ணீரில் போட்டார். மீண்டும் விசில். மீண்டும் காசு. மீண்டும் கண்ணில் ஒற்றி, போட்டார். கருவி அபாரமாக வேலை செய்கிறது என்ற பூரிப்பில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. ஓட்டைக் காலணா ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஓட்டைக் காலணா வந்தது. மூன்றாவது ஓட்டைக் காலணா வந்தபோதுதான், அதன் ஓரத்திலிருந்த வெட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

"இருங்க. இது காலையில எடுத்ததுதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப அங்கயே போடறீங்க?"

"பின்ன? மந்திரிக்கிற அன்னிக்கு அவங்கவங்க வேண்டிகினு போட்டது. வருசா வருசம் போடுறாங்க. வூட்டுக்கு எட்த்துகினு போகச் சொல்றியா?"

ஆக, தலைமுறை தலைமுறையாகப் படகுகள் காசு போட்ட இடத்தில் நாங்கள் உலோகம் தேடிக்கொண்டிருந்தோம். "வீட்டுக்கு வேண்டாம். கட்டுமரத்துல ஒரு டப்பால வெச்சிருப்போம். தேடி முடிச்சதும் மொத்தமா போட்டுடலாம்."

"தண்ணிய உட்டு ஏத்தி வெச்சா அது எட்த்த மாரிதான் நைனா. டப்பான்னா இன்னா, ஜோபின்னா இன்னா?"

"இப்ப மேல கொண்டு வரீங்களே?"

"அது ஒனக்குக் காட்ட. எடுக்க இல்ல."

"சரி, பத்தடி தள்ளிப் போடுங்களேன்!"

அவர் கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு, நான் ஏதோ ரேஷன் அரிசியில் கல் கலக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "இன்னா நைனா நீ. எந்தப் பொம்பள எந்தக் கொயந்தைக்கு வேண்டிகினு போட்டாளோ. நான் எடம் மாத்தி வெச்சா நல்லாவா கீது?"

எலுமிச்சம்பழத்தை மறுபடி கவ்விக்கொண்டேன். அவரை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது கருவிதான்.

மெக்கானிக்கிடம் போய், காசு கேட்கக் கூடாது, கிரீடம் மட்டும் கேட்க வேண்டும் என்றேன். அவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லா கேக்குதுன்னு தூக்கிகினு ஓடினியே ஸார். இப்ப செவுடாக்கிக் குடுன்றியே?"

ஆமாம், அதுதான் வேண்டும். இரண்டு நாள் யோசித்ததில் வழி தெரிந்தது. வளையம் சின்னதாக இருந்தால் சின்னப் பொருளும் அதற்குப் பெரிதாகத் தெரியும். வளையத்தைப் பெரிதாக்கினால் காசு அதன் நடுவில் தொலைந்துபோகும். கிரீடம் தொலையாது. அது மட்டுமல்ல, இன்னும் ஆழத்திலிருப்பதும் தெரியும். மீன் கூடைக்கு வாய் கட்டுகிற மூங்கில் வளையம் ஒன்றை வாங்கி, கம்பியை மறுபடி முதலிலிருந்து சுற்றினோம். எங்கள் ஈயத்தாள், எங்கள் டியூப், எங்கள் தார், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தொட்டியில் நுழையவில்லை, அதனால் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். காசைப் புதைத்தோம், கருவி கண்டுகொள்ளவில்லை. என் வீட்டுப் பித்தளைச் சொம்பைப் புதைத்தோம், உடனே கூவியது. சொம்பு விஷயம் மட்டும் எப்படியோ வீட்டுக்கு எட்டிவிட்டது. "கிரீடத்துக்குத் துணையா சொம்பும் அங்கேயே இருக்கட்டும், எடுத்துட்டு வராதீங்க" என்றாள் மனைவி.

அதன்பிறகு நடந்தது வெறும் உழைப்பு. கல்லை இறக்குவோம், அவர் அந்தப் பெரிய வளையத்தை இரண்டு கையாலும் ஏந்தி முங்குவார், மூச்சு முடிந்ததும் மேலே வருவார், கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுவார், மறுபடி முங்குவார். காசுகள் எங்களை ஒன்றும் செய்யவில்லை. பெரிய பொருள்கள் கூப்பிட்டன. ஒரு துருப்பிடித்த நங்கூரம், ஒரு முழம் சங்கிலி, மூடியில்லாத ஒரு டீ கெட்டில். ஈஸ்டர் வந்தது, போனது. அவர் கறி சாப்பிட ஆரம்பித்தார். தெற்குக் காற்று எழும்பத் தொடங்கி, தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு வாரம் போனால் அடியில் கையைக்கூடப் பார்க்க முடியாது.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு அவர் கட்டுமரத்தின் மேலேறி உட்கார்ந்துவிட்டார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"போதும் நைனா. புச்சே செஞ்சிரலாம். வெள்ளிக்காரன்கிட்ட சொல்லிகீறேன்."

"தெற்கு மூலை பாக்கி இருக்கு."

"அந்தாண்ட படகே வரல."

"படகு வரலை. கிரீடம் போயிருக்கலாம். மணல் வடக்க தெக்கனு நகருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னதெல்லாம் நீ கேட்டுக்கினா இருந்த? வாந்திதான எடுத்துகினு இருந்த?"

"எடுத்துக்கிட்டே கேட்டேன். முங்குங்க."

என் வாழ்நாளில் நான் யாருக்காவது உத்தரவு போட்டது அந்த ஒரு முறைதான். அவரும் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும், முங்கிவிட்டார். கல்லைத் தூக்கி, தெற்கே நகர்ந்து, மறுபடி இறக்கினோம். மறுபடியும் நகர்ந்தோம். காதில் யாரோ ஒருவர் மாட்டுக் கோமாரியைப் பற்றி மிகுந்த அக்கறையோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த விசில், நங்கூரத்துக்குப் போனதுபோல் தடாலென்று ஏறாமல், தூங்குகிறவர் புரண்டு படுக்கிற மாதிரி மெதுவாக ஏறி, அங்கேயே நின்றது. ஒரு இழுப்பு இழுத்தேன். கயிறு நின்றது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மேலே வந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி போனார்.

அடுத்து அவர் கைதான் முதலில் மேலே வந்தது. கையில் கறுப்பாக ஏதோ இருந்தது. மணல் அப்பிய ஒரு பழைய சட்டி என்றுதான் நினைத்தேன். அதன் விளிம்பில் பூ இதழ்கள் இருந்தன.

தலை வந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "புடி நைனா. இந்தவாட்டியாவது கெட்டியா புடி."

பிடித்தேன். ரேடியோ தண்ணீரில் விழுந்தது. அவர் கட்டுமரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். செபமா திட்டா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம்.

கிரீடம் உப்பில் கறுத்துப்போயிருந்தது. ஒரு இதழ் மடங்கியிருந்தது. மடங்கியதைத் தட்டி நிமிர்த்தியபின், என் மனைவி அதை வாங்கி, வீட்டு வெள்ளியை எப்படித் துலக்குவாளோ அப்படியே விபூதி போட்டுத் துலக்கினாள். எனக்குத் திக்கென்றது. பக்கத்து வீட்டுக்காரர் மனைவி கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சோக்கா பளபளன்னு கீதே. எங்க வூட்டு குத்துவிளக்குக்கும் கொஞ்சம் குடுக்கா" என்று ஒரு பொட்டலம் விபூதி வாங்கிக்கொண்டு போனார்.

திருவிழா அன்று பூசை முடிந்ததும், கோயில் வாசலில் கிரீடம் கை மாறியது. என் பக்கத்து வீட்டுக்காரர் சலவை வேட்டியில் நின்றார். ஏலக்கார அம்மாள் கிரீடத்தை வாங்கினார். உடனே கும்பிட்டுவிடவில்லை. இறால் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்புறம் விரலை விட்டுத் தடவினார். அங்கே ஒரு பழைய நசுங்கல் இருந்தது.

"எங்கம்மா வெச்சிருந்த வருசம் நான் கீய போட்டது," என்றார் அவர். "நம்பள்துதான்."

பிறகு கிரீடத்தை முத்தமிட்டுவிட்டு, இவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற அதே ஏலக் குரலில் சொன்னார்: "கண்ணு இன்னாடா இப்டி சிவந்துகீது? முங்குனது போதும். குந்து, சாப்ட்டுப் போ." ஹார்பர்காரன் என்று சொல்லவில்லை. அதன்பிறகும், நான் கேட்டவரை, யாரும் சொல்லவில்லை. அவர் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார்.

எனக்கும் இலை போட்டார்கள். எப்படி எடுத்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். இந்தக் கேள்விக்காகவே நான் பெரிய வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடுவதிலிருந்து ஆரம்பித்தேன். ராணுவக் கருவி ஏன் தோற்றது, ஈயத்தாளில் ஏன் ஒரு விரல் இடைவெளி, வளையம் பெரிதானால் ஏன் காசு மறைந்துபோகும், எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வளையத்தை வாங்கி, டியூப் கிழிந்திருந்த இடத்தில் தெரிந்த செப்புக் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எம்மாங் கம்பி சுத்திகீற இத்துல?"

"நூறு கஜத்துக்கு மேல இருக்கும்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் வளையத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஒரு மொயம் அன்னிக்கே கிரீடத்தோட சேத்து மாதா தலைல சுத்தி உட்டுர்ந்தா ஆவாதா?"